வண்ண அட்டை வராமல் போக நாமே செய்யும் வேலைகள்

போன மாதம் அருவங்காட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் என்னைத் தேடி கோத்தகிரிக்கு வந்தான். கையில் ஒரு மின்னஞ்சலின் பிரின்ட். ஐரோப்பிய வானொலி ஒன்று, அவன் அனுப்பிய ரிசப்ஷன் ரிப்போர்ட்டை உறுதிசெய்ய முடியவில்லை என்று இரண்டே வரியில் எழுதியிருந்தது.

"எல்லாம் சரியாத்தானுங்கண்ணா எழுதுனேன்" என்றான்.

வாங்கிப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், நிலையத்தின் இணையதளத்தில் போட்டிருக்கும் நிகழ்ச்சி நிரலைப் போலவே இருந்தது.

"முழுசும் கேட்டியா தம்பி?"

கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பன்னெண்டு நிமிஷங்கண்ணா. அப்புறம் சிக்னல் போயிருச்சு" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவன்மேல் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு ஆறாத ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முகவரி எழுத மறப்பது, கிறுக்கல் கையெழுத்து போன்றவற்றை யாரும் சொல்லாமலே நீங்கள் திருத்திக்கொள்வீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிற்றலையில் ஒரு வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டு, எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில், என்ன கேட்டோம், எப்படிக் கேட்டது என்று எழுதி அனுப்பினால் (அதுதான் ரிசப்ஷன் ரிப்போர்ட்), சரிபார்த்துவிட்டு "ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். பெயர் கியூஎஸ்எல். நம் நேயர்கள் வாயில் அது வண்ண அட்டை. ரேடியோ ருமேனியா, தைவான், ஜப்பானின் என்எச்கே, கொரியாவின் கேபிஎஸ், வத்திக்கான் என்று பல நிலையங்களின் அட்டைகள் தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கின்றன. 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய சீன வானொலியின் அட்டை இல்லாத பழைய நேயரைப் பார்ப்பது அரிது.

கேட்காததை எழுதுவது

1998 ஐப்பசி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வெள்ளிக்கிழமை இரவு, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கட்டிய ஐம்பது அடி செம்புக் கம்பியில், ஒரு சின்ன ஐரோப்பிய நாட்டின் ஆங்கில ஒலிபரப்பு கிடைத்தது. அதற்காக இரண்டு வருடம் தேடியிருந்தேன். செய்தி ஓடியது. பிறகு ஒரு விமர்சனம். பதினான்காவது நிமிடம் கரண்ட் போய்விட்டது. ரேடியோ, கரண்டில் செருகும் எலிமினேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் செல் இல்லை. தம்பி டார்ச்சுக்கு எடுத்துப் போயிருந்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ அரை மணி நேரமும் எழுதினால்தான் மதிப்பு என்று ஒரு எண்ணம். அந்த நிலையம் தபாலில் அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமை, செய்தி விமர்சனத்துக்குப் பின் நேயர் கடிதம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அழகாக எழுதினேன். 'நேயர் கடிதம், பெண் அறிவிப்பாளர், பல நாட்டுக் கடிதங்கள், கடைசியில் இசை.' பல நாட்டுக் கடிதங்கள் என்று எழுதியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எந்த நாடு என்று ஒரு பெயரைக்கூட என்னால் போட முடியவில்லையே!

மூன்று மாதம் கழித்துத் தபால்காரர் நீளமான கவர் ஒன்றைக் கொடுத்தார். பிரிக்கும் முன்பே விரலால் அழுத்திப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அட்டை இருந்தால் விறைப்பாக இருக்கும். இது வளைந்தது. உள்ளே ஒரே தாள். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால ஒலிபரப்பு தொடங்கிவிட்டது, நேயர் கடிதம் சனிக்கிழமைக்கு மாறிவிட்டது, அன்று ஒலித்தது நீங்கள் எழுதிய நிகழ்ச்சி இல்லை, மீண்டும் கேட்டு எழுதுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். என் கையில் இருந்தது கோடைகாலப் புத்தகம்.

சர்வதேச ஒலிபரப்புகள் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அட்டவணையை மாற்றும். அதுகூடத் தெரியாமல் இல்லை. புதிய அலைவரிசையைத் தேடிப் பிடித்தவனே நான்தான். நிகழ்ச்சியும் மாறியிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

மறுபடி கேட்டு எழுதியிருக்க வேண்டும். வீம்பும் வெட்கமுமாக விட்டுவிட்டேன். சில வருடங்களில் அந்த நிலையம் சிற்றலையை மூடிவிட்டது. ஆல்பத்தில் அந்த நாட்டுக்கு ஒரு பக்கம் விட்டிருந்தேன். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஸ்விஸ் ரேடியோ 2004இல், ரேடியோ ஸ்வீடன் 2010இல், ரேடியோ நெதர்லாண்ட்ஸும் ரேடியோ கனடாவும் 2012இல், ரேடியோ ஆஸ்திரேலியா 2017இல் என்று சிற்றலையை விட்டவர்களின் பட்டியல் நீளம். இன்று ஒரு அட்டையைக் கோட்டைவிட்டால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

பதினான்கு நிமிடத்தை அப்படியே எழுதியிருந்தால் அட்டை வந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. அங்கே ரிப்போர்ட்டைப் பிரிப்பவர் அன்றைய ஒலிபரப்புப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். நிரலில் இல்லாத ஒன்று நம் தாளில் இருக்கிறதா என்று தேடுவார். அதனால் ஓட்டை உடைசலான ரிப்போர்ட்தான் நம்பும்படி இருக்கும். இப்படி:

'16:31 செய்தி முடிந்தது, ஆண் குரல். 16:33 குழல் மாதிரி ஒரு கருவி, தனியாக, இரண்டு நிமிடம். 16:36 சிக்னல் மங்கியது, பேச்சு புரியவில்லை. 16:38 பெண் குரல், திராட்சை அறுவடை பற்றி, ஊர்ப் பெயர் பிடிபடவில்லை. 16:41 பக்கத்து அலைவரிசையில் வேறொரு மொழி ஏறியது.'

மொழியே புரியாவிட்டாலும் இவ்வளவு எழுதலாம். திராட்சையையும் குழலையும் எந்த இணையதளத்திலும் பார்த்து எழுத முடியாது.

இதே தப்புக்கு இப்போது ஒரு புது வேஷம் வந்திருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் என்ற, இணையம் வழியே யாரும் கேட்கக்கூடிய ரிசீவரை போனில் திறந்து கேட்டுவிட்டு, குன்னூரில் கேட்டதாக எழுதுவது. கேட்டது அங்கே இருக்கும் ஆன்டெனா. ஐரோப்பாவுக்கான ஒலிபரப்பு நீலகிரியில் மாலை வேளையில் ஐந்துக்கு ஐந்து தெளிவாம். படிப்பவருக்குத் தெரியாதா? அதில்தான் கேட்டீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். ஏற்பார்கள், ஏற்காமல் போவார்கள், அது அவர்கள் இஷ்டம்.

தேதி

நேரத்தை யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்ற எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள், ஐந்தரை மணி நேரம் கழித்தால் போதும். தேதியை மாற்றத்தான் மறக்கிறார்கள். ஜனவரி 10 விடிகாலை 4.45க்குக் கேட்டால், அது யுடிசியில் ஜனவரி 9, 23:15. பத்தாம் தேதி என்று போட்டால் நீங்கள் இன்னும் ஒலிபரப்பாத நிகழ்ச்சியைக் கேட்டவர் ஆகிறீர்கள்.

இல்லாத நிலையத்தைப் பிடிப்பது

10,890 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் கணீரென்று கேட்கிறது, எந்தப் பட்டியலிலும் இல்லை, ரகசிய ஒலிபரப்போ என்று ஒருவர் இரவு பதினொன்றுக்குப் போன் செய்தார். 910ஐக் கூட்டிப் பாருங்கள் என்றேன். 11,800. அங்கே அதே குரல் இன்னும் பலமாக ஒலித்தது.

சாதாரண ரேடியோ, வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வேலை செய்யும். பலமான நிலையமாக இருந்தால், உண்மையான இடத்துக்கு 455இன் இரண்டு மடங்கு கீழே அதன் நிழலும் விழும். அந்த நிழலின் எண்ணைப் போட்டு ரிப்போர்ட் அனுப்பினால், நாங்கள் அந்த அலைவரிசையில் ஒலிபரப்புவதே இல்லை என்று பதில் வரும். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஐந்து

சின்போ என்பது சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகியவற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை போடும் மதிப்பெண். மொய் எழுதுவது போல ஐந்தைந்தாக அள்ளிக் கொடுக்காதீர்கள். அங்கே இருக்கும் பொறியாளருக்கு வேண்டியது எங்கே கேட்கவில்லை என்ற தகவல்.

கவரில் பணம்

பதில் தபால் செலவுக்கென்று வைக்க வேண்டாம். போகும், சேராது.

ஆறு வாரத்தில் நினைவூட்டல்

ஆறு மாதம் பொறுங்கள்.

மலையில் இருக்கிறோம் என்ற மிதப்பு

சமவெளி நண்பர்கள் எல்லோரும் சொல்வது: "உங்களுக்கென்ன, உசரத்துல இருக்கீங்க." ஊட்டி பக்கத்து முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப்பே இருக்கிறதே என்று அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். 1970இலிருந்து இயங்கும் அந்த டெலஸ்கோப்பை அங்கே வைத்தது உயரத்துக்காக அல்ல. அந்தச் சரிவின் சாய்வு, இடத்தின் அட்சரேகையைப் போலவே ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. பண்பலைக்கு உயரம் உதவும். சிற்றலை, வானத்தின் உயரத்தில் இருக்கும் மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டு மேலிருந்து இறங்குவது. உயரத்தால் பெரிய லாபமில்லை.

எஸ்டேட் பக்கம் நமக்கு இருக்கும் ஒரே சௌகரியம், மின்சார இரைச்சல் குறைவு. அதையும் எல்இடி பல்பும் போன் சார்ஜரும் தின்றுவிடுகின்றன. ரேடியோவை பேட்டரி செல்லில் போட்டுவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு முறை அணைத்துக் கேளுங்கள். பாதி இரைச்சல் நம் வீட்டுக்குள்தான் இருக்கும்.

ஒலிபரப்பி எங்கே

நிலையம் ஒரு நாட்டில், ஒலிபரப்பி (டிரான்ஸ்மிட்டர்) இன்னொரு நாட்டில் இருக்கும். பிபிசி நமக்கு சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. ஒலிபரப்பி இருக்கும் ஊரை அட்டையில் குறிப்பிடும்படி கேளுங்கள். நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள்.

ஆல்பத்தில் ஒட்டுவது

அட்டையின் முன்பக்கம் படம். நாள், அலைவரிசை, முத்திரை, சிலவற்றில் ஒரு கையெழுத்து, எல்லாம் பின்பக்கம். கோந்து தடவி ஒட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பிக்சர் போஸ்ட் கார்டு. நான் நாற்பதுக்கும் மேல் ஒட்டிவிட்டு, பிறகு நீராவியில் காட்டி உரித்தேன். ஏழு அட்டை கூழாகிப் போனது.

ஒட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டாலும், எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டே மழையில் பூஞ்சணம் பூக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வெயில் நாளில் உறையிலிருந்து எடுத்து நிழலில் ஆற்ற வேண்டும். மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள், துணிகளுக்குச் செய்வது போலவே, அட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிடுகிறேன். குண்டு பல்புதான். எல்இடி போட்டால் பீரோவும் காயாது, பக்கத்து மேஜையில் ரேடியோவும் கேட்காது.