இடுப்பு நோவா, நாரி நோவா? வீட்டில வச்சே பார்க்கிற முறை

எங்கட மட்டக்களப்புப் பக்கம் "இடுப்பு நோகுது" எண்டா முக்கால்வாசிப் பேர் கை வைக்கிறது நாரியில, அதாவது கீழ் முதுகில. இடுப்பு மூட்டு அங்க இல்ல. தொடை எலும்பின்ட உருண்டைத் தலை இடுப்பெலும்புக் குழிக்குள்ள பொருந்தி இருக்கிற இடம்தான் மூட்டு, அது கவட்டு மடிப்புக்கு நேரா உள்ளுக்குக் கிடக்கு. இது தெரியாமத்தான், இடுப்பு மூட்டுக் குறையால முழங்கால் நொந்த அம்மாக்கு ஏழு மாசம் முழங்காலுக்கு எண்ணெய் பூசினம், முழங்கால எக்ஸ்றே எடுத்துப் பார்த்துட்டு ஒண்டுமில்ல எண்டும் அனுப்பிட்டாங்க.

முதல் வேலை: நோகிற இடத்தை ஒற்றை விரலால காட்டச் சொல்லுங்க. கவட்டில காட்டினா பெரும்பாலும் மூட்டாத்தான் இருக்கும். தொடையின்ட வெளிப்பக்கம் முண்டா நிக்கிற எலும்பில நொந்து, அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாட்டி, மூட்டுக்கு வெளியால இருக்கிற தசைநார், இல்லாட்டி எலும்பில உராயாம இருக்கிற சின்ன நீர்ப்பைப் பிரச்சினை. குண்டியில தொடங்கி முழங்காலுக்குக் கீழ கரண்ட் அடிச்ச மாதிரி இறங்கினா நாரி நரம்பு. முழங்கால் நோகுது, ஆனா அமத்தினா அங்க நோவில்ல எண்டா இடுப்பையும் கட்டாயம் பாருங்க, ரெண்டு மூட்டுக்கும் போற நரம்பு ஒண்டு இருக்கு.

ரெண்டாவது: கதிரையில இருத்தி, முழங்காலை அசைக்காம பாதத்தை மட்டும் மெதுவா வெளிப்பக்கம் கொண்டு போங்க, அப்ப தொடை உள்ளுக்குத் திரும்பும். மற்றக் காலை விடக் குறைவாத் திரும்பி கவட்டில நொந்தா மூட்டுலதான் குறை. விழுந்த ஆளுக்கு இதைச் செய்யவே வேணாம். அம்மாட காலை ஒரு டொக்டர் இப்பிடித் திருப்பினதும் மனுசி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சா. அதுக்கு முதலே கால் நகம் வெட்டக் குனிய ஏலாம பேத்திட்டக் குடுத்துக்கொண்டிருந்தவ, நாங்க வயசு எண்டு விட்டுட்டம்.

மூணாவது, காரணம் தேடுங்க. காலையில எழும்பினா விறைப்பு, 30 நிமிஷத்துக்குள்ள இளகி, நடக்க நடக்க திரும்ப நோவு எண்டா குருத்தெலும்பு தேய்மானம். வயசு, உடம்புப் பாரம், பழைய காயம், வருசக்கணக்கா மூட்டை தூக்கினது எல்லாம் இதுக்குக் காரணமாகும். ஆனா 30, 40 வயசில வந்தா, ஆஸ்துமாக்கோ வேற வருத்தத்துக்கோ கனகாலம் ஸ்டீரோயிட் குளிசை போட்டாரா, குடி கூடவா எண்டு கேளுங்க, இரத்தம் போகாம எலும்புத் தலை செத்துப்போற வருத்தம் ஒண்டு இருக்கு, அது தொடக்கத்தில எக்ஸ்றேயில தெரியாது, எம்ஆர்ஐ தான் காட்டும்.

இனிச் சொல்றதுக்கு வீட்டில வச்சுப் பார்க்கவே கூடாது. வயசானவங்க வழுக்கி விழுந்து ஒரு கால் கட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தா அது முறிவு, எழுப்பி நடத்தாம ஆம்புலன்ஸுக்கு 1990 அடிங்க. காய்ச்சலோட காலை அசைக்கவே ஏலாட்டி மூட்டுக்குள்ள சீழா இருக்கலாம், அண்டைக்கே கொண்டு போங்க. சின்னப் பிள்ளை கெந்திக் கெந்தி நடந்தா, முழங்கால் எண்டு சொன்னாலும், இடுப்பையும் பார்க்கச் சொல்லி நீங்களே வாய் திறந்து கேளுங்க.