பிள்ளைகளோடு சுடுதளத்தில் முதல் நாள்: ஏர் ரைஃபிள் பழகுவது எப்படி?

டர்பனில் சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் மூன்றே யோசனைதான் வரும். கடற்கரை, மால், அல்லது சாட்ஸ்வர்த்தில் மாமனார் வீடு. நாலாவதாக ஒன்றைச் சொன்னவரும் அந்த மாமாதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு சுடுதளத்துக்குப் பல வருஷமாகப் போய்வருகிறார். "பிள்ளைகளக் கூட்டிட்டு வா, நான் சொல்லித் தாரேன்" என்றார். திருநெல்வேலியில் பொருட்காட்சி பலூனைச் சுட்டதோடு என் துப்பாக்கி அனுபவம் முடிந்திருந்தது. அதனால் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் முதல் பெஞ்சிலிருந்தே படித்தேன். அதே வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். மகளுக்கு வயது 13, மகனுக்கு 9.

முதலில் சட்டம், சுருக்கமாக

தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காற்றழுத்தத்தால் சுடும் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. ரைஃபிள்களை அது ஏர் கன் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்தில் சுடும் பாயின்ட் 22 ரைஃபிளாக இருந்தால் லைசென்ஸ் கட்டாயம், அதைப் பெற பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் மற்றவர் அவருடைய துப்பாக்கியால் சுடலாம்.

லைசென்ஸ் வேண்டாம் என்றதும் கொல்லைப்புறத்தில் டப்பாவை அடுக்கிவிடாதீர்கள். வீடுகள் உள்ள பகுதியிலோ பொது இடத்திலோ தக்க காரணமின்றிச் சுடுவது குற்றம். ஏர் கன்னும் இதில் அடக்கம். ஒருவரை நோக்கி நீட்டுவதும் அப்படியே. சாட்ஸ்வர்த்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே சுடுவதென்றால் சுடுதளம்தான்.

என்ன எடுத்துப்போக வேண்டும்

கண்ணாடி. மற்றது எதை மறந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஈய ரவை கெட்டியான எதிலாவது பட்டால் துணுக்காகச் சிதறித் திரும்பி வரக்கூடும். சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஏர் ரைஃபிள் அவ்வளவு சத்தம் போடாது. ஆனால் பக்கத்துத் தடத்தில் யாராவது பெரிய துப்பாக்கியோடு வந்தால் பிள்ளைகள் துள்ளிவிடுவார்கள், அதனால் காதுக்கவசமும் இருக்கட்டும். மூடிய ஷூ, தொப்பி, தண்ணீர். சோப்பு ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரவை என்றதும் என் மகன் "உப்புமாவா?" என்று கேட்டான். இங்கே எல்லாரும் பெல்லட் என்றுதான் சொல்கிறார்கள். காகிதக் குறியைச் சுடுவதற்குத் தலை தட்டையான ரவை வாங்குங்கள். அது தாளில் வட்டமாக, ஓரம் கிழியாமல் ஓட்டை போடும், எங்கே பட்டது என்று தெளிவாகத் தெரியும். தலை உருண்டையானது தூரத்துக்கு நல்லது, பத்து மீட்டருக்குத் தேவையில்லை. எஃகுக் குண்டு மட்டும் வேண்டாம். ஈயம் பட்ட இடத்தில் நசுங்கும், எஃகு எகிறித் திரும்பும்.

பிள்ளைக்கு ஏற்ற துப்பாக்கியா என்றும் பார்க்க வேண்டும். தோளில் வைத்தால் கழுத்தை நீட்டாமல் கன்னம் கட்டையில் படிய வேண்டும், விரல் வளைந்து சிரமமின்றி ட்ரிக்கரை எட்ட வேண்டும். பெரியவர்களுக்கான ஸ்பிரிங் ரைஃபிளில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கக் குழலை மடக்கி இழுக்க வேண்டும், என் மகனால் அது முடியவில்லை. இழுத்துக் கொடுப்பது என் வேலையானது.

துப்பாக்கியைத் தொடும் முன் மூன்று பழக்கம்

மாமா முதல் அரைமணி நேரம் ஒரு ரவைகூட எடுக்கவில்லை. காலித் துப்பாக்கியை மேசையில் வைத்து, பிள்ளைகளை மாறி மாறி எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார். எனக்கே அலுத்துவிட்டது.

எந்தத் துப்பாக்கியானாலும் ரவை இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். குழல் முனை எப்போதும் குறி இருக்கும் பக்கமே பார்க்க வேண்டும். சுடப்போகும் நொடிவரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீளமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒன்று உண்டு: சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" என்றால் பாதி மூச்சில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். அவர் மட்டுமல்ல, ஆபத்து எதையாவது பார்த்தால் அங்கே நிற்கும் யார் வேண்டுமானாலும், 9 வயதுப் பையனும்கூட, "ஸ்டாப்" என்று கத்தலாம். தாளை மாற்ற முன்னால் போவதென்றால் எல்லாத் துப்பாக்கியும் ரவையின்றித் திறந்தபடி மேசையில் இருக்க வேண்டும், யார் கையும் அவற்றின்மேல் இருக்கக் கூடாது.

அந்த அரைமணி நேரம் ஏன் என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. சின்னவனின் ஆறாவது ரவை கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. "தாத்தா, பாத்தீங்களா!" என்று துப்பாக்கியும் கையுமாக அப்படியே திரும்பினான். குழல் முனை அரைவட்டமடித்து என் வயிற்றைத் தாண்டப் போன நேரத்தில் மாமாவின் உள்ளங்கை அதைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளியது. குழல் காலிதான், இப்போதுதான் சுட்டிருந்தான். மாமா திட்டவில்லை. துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்து, "நீ கொஞ்ச நேரம் ரவை எண்ணு" என்று டப்பாவைக் கொடுத்தார். இருபது நிமிஷம் எண்ணினான். பிள்ளையைச் சுடவைக்கும் முன் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: முதலில் துப்பாக்கியை மேசையில் வை, அப்புறம் திரும்பு, அப்புறம் குதி. சந்தோஷத்தில் திரும்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விளையாட்டுச் சேட்டையைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

எந்தக் கண்?

எழுதும் கையும் குறிபார்க்கும் கண்ணும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணில் பார்க்கும்போது பொருள் அந்த இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் குறிக்கண்.

மகள் வலது கைக்காரி, குறிக்கண் இடது. இதற்கு இரண்டு வழி. இடது தோளில் வைத்துப் பழகலாம், இல்லாவிட்டால் கண்ணாடியின் இடப்பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டிவிட்டு வலக்கண்ணால் பார்க்கலாம். அவள் இடது தோளுக்கே மாறிவிட்டாள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

ரவை போடுவது

குழலை மடக்கும் ரைஃபிளில் விரல் நசுங்க வாய்ப்புள்ள ஒரே இடம் இது. குழலை முழுதாகக் கீழே இழுத்த பிறகு ரவை போட்டு முடிக்கும்வரை ஒரு கை குழலை விடவே கூடாது. தவறுதலாக ட்ரிக்கர் விழுந்தால் குழல் படாரென்று மேலே வரும். ரவையின் தட்டைத் தலை முன்னோக்கியும், பாவாடை போல் விரிந்த பகுதி உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். ரவை போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கக் கூடாது, ஸ்பிரிங் ரைஃபிளின் உள்பாகம் கெட்டுவிடும்.

உட்கார்ந்து, மணல் மூட்டையில் வைத்து

நின்று சுடுவதுதான் படத்தில் அழகாக இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகச் சுட்ட 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நின்று சுடுவதுதான். அந்தக் குறித்தாளின் வெளிவட்டம் 45.5 மி.மீ., நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி வெறும் அரை மி.மீ. மகள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நேரே நின்று சுடுவேன் என்றாள். முதல் நாளில் அது வேண்டாம். ஆட்டம் துப்பாக்கியிலா, கையிலா, மூச்சிலா என்று தெரியாமல் போய்விடும்.

மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் முன்னால் தாங்கும் கையை வைத்து, அந்த உள்ளங்கையின்மேல் துப்பாக்கியை வையுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை மூட்டையில் நேராக அழுத்தி வைக்கக் கூடாது. சுடும்போது அது முன்னும் பின்னும் லேசாக உதறும், அந்த உதறலுக்கு இடம் விட வேண்டும். குழந்தையைத் தூங்கவைக்கும்போது எவ்வளவு மெதுவாகத் தாங்குவோமோ அவ்வளவுதான் பிடி. இறுக்கிப் பிடித்த ஒவ்வொரு முறையும் என் ரவை ஒவ்வொரு திசையில் போனது.

குறி, மூச்சு, விரல்

கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியின் காடிக்கு, அதாவது வெட்டுக்கு, நடுவில் குழல் முனையில் இருக்கும் முன்குறி நிற்க வேண்டும், இரண்டின் தலையும் சமமாக இருக்க வேண்டும், அதன்மேல் கறுப்பு வட்டம் எலுமிச்சம்பழம் போல் உட்கார வேண்டும். மூன்றையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்குறி மட்டும் கூர்மையாகத் தெரியட்டும், வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். புதியவர்கள் எல்லாரும் வட்டத்தையே முறைத்துப் பார்க்கிறோம், முன்குறி எங்கோ போய்விடுகிறது.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்துங்கள். ஏழெட்டு நொடிக்குள் சுட முடியாவிட்டால் விரலை வெளியே எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பியுங்கள். அதற்கு மேல் தம் பிடித்தால் கண் மங்கும்.

விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதையால் ட்ரிக்கரை நேராகப் பின்னால் அழுத்த வேண்டும், இழுத்துத் தட்டக் கூடாது. எந்த நொடியில் வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக. சுட்ட பிறகும் ஒன்று, இரண்டு எண்ணும்வரை தலையைத் தூக்காமல் அப்படியே பாருங்கள். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கும் அவசரம் ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே கையை அசைத்துவிடும்.

தாளைப் படிப்பது

ஒரு தாளுக்கு ஐந்து ரவை. முதல் சுற்றில் சின்னவனுக்கு ஒன்று கறுப்பில், மற்ற நான்கும் நாலு மூலையில். மகளுக்கு ஒன்றுகூடக் கறுப்பில் இல்லை. ஐந்தும் இடது கீழ்ப் பக்கமாக வெள்ளையில் கிடந்தன. அவள் முகம் விழுந்துவிட்டது. மாமா பையிலிருந்து ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை எடுத்து அந்த ஐந்து ஓட்டையின்மேல் வைத்தார். ஐந்தும் மறைந்துவிட்டன.

"இவதான் சுட்டா. அவன் எறிஞ்சான்" என்றார்.

நடுவில் பட்டதா என்பது பிறகு பார்க்க வேண்டியது. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. நெருங்கி இருந்தால் பிடியும் மூச்சும் விரலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கின்றன, மிச்சத்தைப் பின்குறியை நகர்த்தும் திருகாணி பார்த்துக்கொள்ளும். சிதறிக் கிடந்தால் திருகாணியைத் தொடவே தொடாதீர்கள். நான் ஒவ்வொரு ரவைக்கும் திருகிப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து எங்கே ஆரம்பித்தேன் என்றே தெரியாமல் நின்றேன்.

திருத்தும் முறை எளிது: ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மகளுக்கு வலமும் மேலும் வேண்டும். பின்குறியை வலப்பக்கம் கொஞ்சம், மேலே கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஐந்து. மூன்றாவது தாளில் கூட்டம் அப்படியே கறுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

எப்போது நிறுத்துவது

இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே. எங்கள் கணக்கில் சின்னவனுக்கு 25 ரவை, பெரியவளுக்கு 40. அதற்கு மேல் தோள் வலிக்கும், ஓட்டைகள் சிதறும், சலிப்பில் குழல் முனை இங்குமங்கும் அலையும். கிளம்பும் முன் ரைஃபிளைத் திறந்து காலியா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் விட்டு வைக்கக் கூடாது.

இப்போது அந்தச் சோப்பு. ரவை ஈயம், விரலில் சாம்பல் நிறமாக ஒட்டியிருப்பது அதுதான். திரும்பும் வழியில் பனி சாவ் (நடுவைக் குடைந்து குழம்பு நிரப்பிய ரொட்டி) வாங்காமல் எங்கள் வீட்டு வண்டி டர்பனுக்குள் நுழைந்ததில்லை, அதைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆகவே சுடுதளத்துக் குழாயிலேயே சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், முழங்கைவரை கழுவிவிட்டு வண்டியில் ஏறுங்கள். அதுவரை சிப்ஸ் பாக்கெட் பிரிக்க அனுமதி இல்லை.

அன்றைய தாள்களை எறியாதீர்கள். பின்பக்கம் தேதி, தூரம், எந்த ரவை, உட்கார்ந்தா நின்றா என்று எழுதி வையுங்கள். எங்கள் ஃபிரிட்ஜில் இப்போது பதினோரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஒன்றின் மேல் அந்த நாணயத்தின் அளவுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் மகள். சின்னவன் இன்னும் அந்த வட்டத்துக்குள் வரவில்லை. வரும் சனிக்கிழமைக்குத் தாத்தாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டான்.