மார்கழி நிழலைப் பார்க்காமல் பேனல் மாட்டாதீர்கள்

திருச்சி பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில், சோலார் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். வைகாசி மாதம், உச்சி வெயில். "நிழலே இல்லண்ணே, எங்க வேணாலும் போடலாம்" என்றான் ஒருவன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு உதவும் பி.எம். சூர்யா கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதிலிருந்து இந்தத் தொழிலுக்குள் நிறையப் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். நல்லதுதான். மட்டமான பேனல் வாங்காதே, வாரண்டி அட்டையைப் பத்திரமாக வை என்பதெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கன்னி மூலைத் தொட்டி

நம் ஊரில் வாஸ்து பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைப்பார்கள். பல வீடுகளில் மாடிப்படி அறைக்கு மேல் தொட்டி உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்து 12 அடி வந்துவிடும். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அப்போது தொட்டியின் நிழல் தெற்குப் பக்கம் கையளவுதான் விழும். அந்த நேரத்தில் அளக்கப் போனால் மாடி முழுக்க வெயிலாகத்தான் தெரியும்.

நான் அப்படித்தான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் 3 கிலோவாட் போட்டேன். பத்து பேனல், தொட்டிக்கு வடகிழக்கே ஒரே வரிசை. அவர் தினமும் சாயங்காலம், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் வரும் யூனிட்டை ஒரு நாற்பது பக்க நோட்டில் நீல மையில் எழுதி வைப்பார். மார்கழியில் போன் வந்தது. "தம்பி, புரட்டாசியில 12 வந்துச்சு, இப்ப 9 தாண்டல." "மழைக்காலம் சார், மேகம்" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். நோட்டில் அந்தந்த நாளுக்கு எதிரே "வானம் சுத்தம்" என்று எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு மூன்றரை மணிக்கு மாடி ஏறினேன். தொட்டியின் நிழல் மூன்று பேனல் மேல் சாய்ந்து கிடந்தது.

கணக்கு இதுதான். டிசம்பர் கடைசியில் திருச்சியில் நடுப்பகலிலேயே நிழல் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். காலை 9 மணிக்கும் மாலை மூன்றரைக்கும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். 12 அடித் தொட்டிக்கு ஏறக்குறைய 20 அடி நிழல்.

கொஞ்சம் நிழல்தானே என்று விடவும் முடியாது. பேனல்கள் தொடராகக் கோக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு பேனல் மங்கினால் மொத்த வரிசையின் மின்னோட்டமும் இழுபடும். பேனலிலேயே இருக்கும் பைபாஸ் டயோடு, மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விட்டு, அந்தப் பகுதியை ஒதுக்கி மற்றதைக் காப்பாற்றும், ஆனால் ஒதுக்கிய பகுதி போனது போனதுதான். ஒரு சாண் நிழல் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடலாம்.

அந்த மூன்று பேனலையும் கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக மாற்றினேன். புது ஸ்டாண்டு, கேபிள், தளத்தில் பழைய போல்ட் ஓட்டைகளுக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு, எல்லாம் என் கைக்காசு. பணத்தைவிட, அவர் நோட்டை நம்பாமல் மேகம் என்று சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

எந்த மாதம் போனாலும் டிசம்பர் 21-ஐ மனதில் வைத்து அளங்கள். சூரியப் பாதை காட்டும் செயலி போனிலேயே இருக்கிறது. தொட்டி உச்சிக்கும் பேனல் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுத்து, வடக்கு, வடகிழக்கு, வடமேற்கில் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். இடம் பற்றவில்லையா, ஸ்டாண்டை உயர்த்துங்கள். அப்புறம், தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கப் போகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பில்லில் இருப்பது இரண்டு மாதம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 600 யூனிட் என்றால் நாளைக்கு 10 யூனிட். ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆகவே 3 கிலோவாட் தாராளம். 600-ஐ முப்பதால் வகுத்து 5 கிலோவாட் விற்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மூன்றுக்கு மேல் மானியம் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஒரு வருடத்து ஆறு பில்லையும் வாங்கிப் பாருங்கள்.

கரண்ட் போனால் இதுவும் நிற்கும்

பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் அப்படித்தான். பேனல் மின்சாரம் லைனில் ஏறிவிடக் கூடாது, கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்காக. விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இணைப்பு யார் பேரில்?

அப்பா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், ஈ.பி. இணைப்பு இன்னும் அவர் பேரிலேயே இருக்கும். மானிய விண்ணப்பம் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் போக வேண்டும். பேனல் இறக்கிய பிறகு பெயர் மாற்றத்துக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. முதல் நாளே மின் அட்டையை வாங்கிப் பெயரைப் படியுங்கள்.

மதியத்தில் கழுவாதீர்கள்

கொதிக்கிற பேனல் கண்ணாடியில் குளிர்ந்த நீர் வேண்டாம். விடிகாலையில், உப்பில்லாத தண்ணீரில்.