"சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதற்கு முன்னால்

தேயிலைத் தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, நேரமாகிவிட்டது. மூன்றரை வயது மகன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய், பிஸ்கட் டின் இருக்கும் சுவர்த் தட்டுக்குக் கீழே நிறுத்துகிறான். "பிஸ்கட் என்று சொல்லு, தருகிறேன்" என்கிறாள் அம்மா. மறுபடி இழுக்கிறான். "சொல்லு!" அவன் தரையில் விழுந்து அலறுகிறான். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவின் (அறையின்) அழுகை வரிசை முழுவதற்கும் கேட்கும். வெட்கமும் அவசரமும் சேர, டின்னையே அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறாள்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓட்டிசம் (பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுபட்டு அமையும் வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளைகளின் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான். பிள்ளை கேட்டுவிட்டான், நாம்தான் அதைக் கேட்டதாகக் கணக்கில் எடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தது அவனுடைய பேச்சு. சொல் வந்தால்தான் தருவேன் என்று நின்றால், தன்னிடம் உள்ள ஒரே வழியும் பலிக்காது என்று கற்றுக்கொள்கிறான். அலறினால் முழு டின்னும் கிடைக்கும் என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறான்.

இழுத்தவுடன் அவன் உயரத்துக்குக் குனிந்து, "பிஸ்கட்" என்று நீங்களே ஒருமுறை சொல்லி, ஒரு சிறு துண்டைக் கொடுங்கள். பிறகு பேசாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்த மௌனம்தான் மிகக் கடினம். அந்த இடைவெளியில் அவன் உங்களைப் பார்க்கலாம், கை நீட்டலாம், "பி" என்று ஒலி எழுப்பலாம். எது வந்தாலும் அடுத்த துண்டு அவனுக்கு உரியது.

அம்மாயியின் (பாட்டியின்) பாசத்தில் வருவது இதற்கு நேர்மாறான தவறு. பிள்ளை வாய் திறக்கும் முன்பே தேநீர், ரொட்டி, செருப்பு எல்லாம் கைக்கு வந்துவிடும். கேட்கத் தேவையே இல்லாத வீட்டில் பிள்ளை எதற்காகக் கேட்க வேண்டும்? விருப்பமான ஒன்றிரண்டு பொருட்களை, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாமல் வைத்தால் போதும்.

"ரொட்டி வேண்டுமா?" என்று கேட்டால் "ரொட்டி வேண்டுமா" என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளையைக் கேலி செய்கிறான் என்று அதட்டுகிறார்கள். 1943இல் லியோ கானர் ஓட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சு இடம்பெற்றிருக்கிறது. பெரும்பாலும் அதன் பொருள் "எனக்கு வேண்டும்" என்பதுதான். எனவே கேள்வியாகக் கேட்காமல், அவன் சொல்ல வேண்டியபடியே "ரொட்டி வேண்டும்" என்று சொல்லிக் கொடுங்கள். அவன் திருப்பிச் சொல்வதும் சரியாகவே அமையும்.

வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் பற்றிய ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் சைகையாலோ படத்தாலோ பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடியது. விலை உயர்ந்த அட்டைகள் தேவையில்லை. பிஸ்கட் உறையை வெட்டிச் சுவரில் ஒட்டினாலே ஒரு படம் கிடைத்துவிடும். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருப்பவரிடமும் அதே படங்களைக் கொடுத்து வையுங்கள்.

பாடசாலைக்கு உதவும் என்று தமிழை விட்டுவிட்டு, தங்களுக்கே சரளமாக வராத சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவதும் வேண்டாம். தாலாட்டும் கோபமும் எந்த மொழியில் வருகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பார்க்காமலும் அவனால் கேட்க முடியும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

"இவன் அப்பாவும் ஐந்து வயதில்தான் பேசினார்" என்று காத்திருப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் இன்றே சொல்லுங்கள். செவிப்புலன் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். பேச்சுச் சிகிச்சைக்காக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக நேரலாம். ஒரு நாள் சம்பளம் போகும், தமிழில் சிகிச்சை தருபவர்களும் குறைவு. அதனால் அங்கே கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்கக்கூடாது. போவதற்கு முந்திய ஒரு வாரம், பிள்ளை எதைக் கேட்டான், கையாலா ஒலியாலா அழுகையாலா கேட்டான், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.