சோறு அடைக்கிறதென்று கஞ்சிக்கு மாறாதீர்கள்

விழுங்கக் கஷ்டம் வந்தவர் முதலில் மாற்றுவது சாப்பாட்டைத்தான். புட்டு நிற்கிறதென்று குழம்பை அள்ளி விட்டுக் குழைப்பார். பிறகு சோற்றைக் கரைத்துக் குடிப்பார். கடைசியில் கஞ்சியும் தேத்தண்ணீரும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மாதங்கள் போய்விடும். எல்லாத் தவறிலும் பெரியது இதுதான்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான, நன்றாக விரியக்கூடிய தசைக்குழாய். அதனால் அடைப்பு கொஞ்சமாக இருக்கும்போது தெரியாது. சோறு சிக்கத் தொடங்கும் நேரத்தில் உட்பாதை ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். முதலில் இறைச்சி, பாண், புட்டு, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று கஷ்டம் கூடிக்கொண்டே போனால் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும். வெற்றிலை, புகையிலை, சுருட்டு, சாராயம் பழகியவர்களுக்கு ஆபத்து கூட. ஆனால் ஒன்றும் பழகாதவருக்கும் வரும்.

வைத்தியரிடம் "தொண்டை நோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தச் சாப்பாடு முதலில் நின்றது, எப்போதிருந்து, தண்ணீர் இறங்குகிறதா, உடுப்பு தளர்ந்துவிட்டதா என்று சொல்லுங்கள். தொடக்கத்திலேயே சோறும் தண்ணீரும் ஒரேமாதிரிச் சிக்கினால் குழாயின் தசை இயக்கம் பிழைத்திருக்கலாம். விழுங்க எடுத்தவுடன் புரையேறினால், மூக்கால் தண்ணீர் வந்தால், நரம்புக் கோளாறையும் பார்ப்பார்கள். கழுத்தில் நிற்பதுபோல் தெரிந்தாலும் அடைப்பு நெஞ்சுக்குக் கீழே இருக்கக்கூடும்.

நெஞ்செரிவென்று பார்மசியில் ஒமிப்பிரசோல் வாங்கி மாதக்கணக்கில் போடுவதும் ஆபத்து. அமிலப் புண்ணுக்கு அது நல்ல மருந்துதான். அடைப்பிருப்பவருக்கோ எரிவை மட்டும் அடக்கி நாளைக் கடத்திவிடும்.

திரும்பத் திரும்ப அடைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டாம். கூடவே நிறை குறைந்தால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், இரத்தச்சோகை இருந்தால் அந்த வாரமே போங்கள். இரத்த வாந்தி, கரிய மலம் என்றால் அன்றைக்கே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காட்டி, எண்டோஸ்கோப்பி (குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்க்கும் சோதனை) தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வயல் காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுக்கக்கூடாது. குளிசை குழாயில் ஒட்டி அந்த இடத்தைப் புண்ணாக்கும். விழுங்கும்போதெல்லாம் நெஞ்சு பிளக்கிறதுபோல் நோகும். சாப்பிட்ட பிறகு, 200 மில்லிலீற்றர் தண்ணீரோடு, இருந்தபடி விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமலிருங்கள். நோ வந்தால் அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மீன்முள் சிக்கினால் சோற்றுருண்டை, வாழைப்பழம் விழுங்காதீர்கள். முள் இன்னும் ஆழமாக ஏறும். குழாயைக் குத்திக் கிழிக்கவும் கூடும்.

எச்சில்கூட இறங்காமல் வடிந்தால், மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிள்ளை பட்டன் பற்றரி விழுங்கியிருந்தாலும் அப்படியே. இரண்டு மணித்தியாலத்துக்குள் குழாய் வெந்துவிடும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முகம் கோணி, பேச்சுக் குழறியவருக்குப் பாரிசவாதமாக இருக்கலாம். தெளியட்டும் என்று தண்ணீர் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகும்.

வன்னியில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலை வயிற்றுநோவோடு எழும்பி, கண்மடல் சரிந்து, எச்சில் விழுங்க முடியாமலிருந்தால் அது கண்டங்கருவளைப் பாம்பின் கடியாக இருக்கலாம். கடித்த தடம் தெரியாமலே இருக்கும், நோவும் இராது. தடம் தேடுவதிலோ பார்வை பார்ப்பதிலோ நேரத்தை விடாதீர்கள். அடுத்ததாக நிற்பது மூச்சுத் தசைகள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயால் ஒன்றும் கொடுக்காமல், மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.