புதிதாக எல்விஎன் ஆனவர்கள் எங்கே வேலை தேடலாம்?

கலிபோர்னியாவில் என்க்ளெக்ஸ்-பிஎன் எனும் உரிமத் தேர்வில் தேறி எல்விஎன் (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) எனும் செவிலியர் உரிமம் வாங்கியவர்கள் பலரும் நேராகப் பெரிய மருத்துவமனைகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஆர்என் எனும் கூடுதல் படிப்புள்ள செவிலியர்களையே எடுப்பார்கள். புதியவர்களை எளிதில் சேர்த்துக்கொள்வது ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி எனும் பராமரிப்பு இல்லங்கள்தான்.

ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காமல், ரெஸ்யூமே, பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டையோடு நேரில் போய், டிஎஸ்டி (ஊழியர் பயிற்சிப் பொறுப்பாளர்) இருக்கிறாரா என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும் நேரம், சாப்பாட்டு நேரம் வேண்டாம். யாருக்கும் தலைநிமிர நேரம் இருக்காது. படிக்கும்போது கிளினிக்கல் பயிற்சி செய்த இடத்தை முதலில் பாருங்கள், அங்கே உங்கள் முகம் தெரிந்திருக்கும்.

ஐவி (டிரிப்ஸ்) ஏற்றுவதற்கும் ரத்தம் எடுப்பதற்குமான மாநிலச் சான்றிதழ் தனி. செலவைப் பார்க்காமல் முடித்துவிடுவது நல்லது என்பேன்.

நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: ஓரியன்டேஷன் எத்தனை நாள், ஒரு ஷிஃப்டில் எனக்கு எத்தனை நோயாளிகள்? மழுப்பினால் யோசியுங்கள்.

டெக்சாஸிலும் பெயர் எல்விஎன்தான். மற்ற மாநிலங்களில் இதே வேலையை எல்பிஎன் (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) என்று தேடுங்கள்.