பிரீசர் லாச்சி உடைந்தால் உடனே எறியாதீர்கள்

நிமிர்ந்த பிரீசரின் லாச்சி (இழுப்பறை) பாரத்தால் மட்டுமல்ல, இழுப்பிலும் உடையும். -18 பாகைக் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. மட்டக்களப்புக் கல்லடியில் இறால் மலிவாய்க் கிடைத்த ஒரு ஞாயிறு, பனியில் ஒட்டியிருந்த லாச்சியை வெடுக்கென்று இழுத்தேன். கைபிடி மட்டும் கையோடு வந்தது.

வெறும் வெடிப்பு என்றால் ஒட்டலாம். லாச்சியை வெளியே எடுத்து அரை நாள் வையுங்கள். குளிரோடு சுடுநீர் ஊற்றினால் வெடிப்பு இன்னும் நீளும். வெடிப்பு முடியும் இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது. அப்புறம் சான்ட் பேப்பரால் தேய்த்து, வெளிப்பக்கம் மட்டும் எபொக்சி பசை பூசி, ஒரு நாள் முழுதாகக் காயவிடுங்கள். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும், கவனம்.

கைபிடியே போயிருந்தால் மாற்றுவதுதான் சரி. கடைக்குப் போகுமுன் பிரீசர் ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். அந்த லாச்சி கிடைக்காவிட்டால் அகலம், ஆழம், உயரம் அளந்து, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடை வாங்கலாம். என் வீட்டில் இப்போது அதுதான் நிற்கிறது; பார்க்க அழகில்லை, ஆனால் மீன் கெடவில்லை.

பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம். பல பிரீசர்களில் தட்டோடு சேர்ந்தே குளிரூட்டும் வாயுக் குழாய் ஓடுகிறது.